நான்காம் வாதியின் நன்னடத்தை

1

"அப்பா, என் மேல எங்கியாவது கேஸ் இருக்குதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லில் இரண்டாவது தோசை. என் மகள் ஈஸ்வரி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே இதைக் கேட்டாள். நான் இல்லை என்று சொல்வேன், அவள் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள் என்பதுதான் அவள் கணக்கு. நான் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

"இருக்குது" என்றேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நான் செஞ்சிக்காரன். இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற ஊரில் இருபத்தைந்து வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். திருவண்ணாமலையில் டிப்ளமோ படித்தவன். எங்கள் தெருவுக்கு முதல் டிப்ளமோ நான்தான் என்பதால், முடித்த நாளிலிருந்து கையெழுத்துக்குப் பக்கத்தில் டி.இ.இ.இ. என்று போடுவது வழக்கமாகிவிட்டது. பேங்க் செலான், ரேஷன் கார்டு மனு, கல்யாண மொய் நோட்டு எதையும் விட்டதில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்தபோதும் போட்டேன். அதுதான் என் குடும்பப் பெயர் என்று முடிவு செய்து, முதல் சம்பளச் சீட்டை 'மிஸ்டர் டி.இ.இ.இ.' என்று அனுப்பினார்கள். அதை மாற்ற ஆறு மாதமும் பதினொரு கடிதமும் ஆயின.

ஈஸ்வரிக்கு இருபத்திரண்டு வயது. சட்டம் படிக்கிறாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொன்னால் பீற்றிக்கொள்வது போலாகும். தேவையும் இல்லை, என் மனைவி செல்வி இதற்குள் செஞ்சியில் பாதிப் பேருக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பாள். ஆனால் இங்கே கோர்ட்டில் நின்று வாதாடும் வக்கீலாவதற்குப் பட்டம் மட்டும் போதாது. பல நூறு வருடப் பழமையான வக்கீல் சங்கம் ஒன்றில் சேர வேண்டும். சேர்ந்தபின், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, நீள மேசையில் உட்கார்ந்து, இத்தனை முறை என்று விருந்து சாப்பிட வேண்டும். இப்போது சொற்பொழிவு, பயிற்சி என்றெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் விருந்தை விடவில்லை.

"சாப்ட்டா வக்கீலா?" என்றாள் செல்வி. "அப்பிடிப் பாத்தா எங்கண்ணன் இந்நேரம் ஜட்ஜு ஆயிருக்கணுமே."

அந்தச் சங்கத்தில் சேர்வதற்கான நன்னடத்தைப் படிவத்தைத்தான் ஈஸ்வரி நிரப்பிக்கொண்டிருந்தாள். திருடினாயா, திவாலானாயா, பரீட்சையில் பார்த்து எழுதினாயா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ஒன்பதாவது கேள்வி: உங்கள் நேர்மையைச் சந்தேகிக்கும் குற்றச்சாட்டு எந்த நாட்டு நீதிமன்றத்திலாவது நிலுவையில் உள்ளதா?

செஞ்சியில் இருந்தது. இருபது வருடமாக.

2

அவளுக்கு இரண்டு வயதானபோது மொட்டை அடிக்க மேல்மலையனூருக்குக் கூட்டிவந்தோம். அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். பிள்ளையின் முழுப்பெயரும் அங்காள ஈஸ்வரிதான். மொட்டை அடித்த மறுநாள் எங்க நைனா என்னைக் கூப்பிட்டு, "தம்பி மேல கேஸு போடறேன். ஊருக்குப் போறதுக்குள்ள நீயும் ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ" என்றார்.

அவர் தம்பி என்றது என் சித்தப்பா ஏழுமலையை. தளவானூர் போகும் ரோட்டோரம் பூர்வீகமாக வந்த ஒன்றரை ஏக்கர் கொல்லை, மல்லாட்டை, வேர்க்கடலைதான், போடுவார்கள். நடுவில் ஒரு கிணறு. கிணறும் கொல்லையும் தன் பாகம் என்றார் நைனா. பாகமே பிரிக்கவில்லை, எல்லாம் பொது என்றார் சித்தப்பா.

பெண் பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று மத்திய சட்டம் வந்த புதிது அது. எங்கள் வக்கீல் ஏற இறங்க ஈஸ்வரியைப் பார்த்தார். "பேத்தியையும் சேத்துடுங்க. ஆளு கூடினா நமக்கு பலம்" என்றார். கபடிக்கு ஆள் சேர்ப்பது போலத்தான் சேர்த்தார்கள். முதல் வாதி நைனா, இரண்டாம் வாதி நான், மூன்றாம் வாதி என் தங்கை, நான்காம் வாதி மைனர் ஈஸ்வரி, வயது இரண்டு. மருமகளுக்குப் பங்கில்லை என்பதால் செல்விக்கு இடமில்லை. "பால்குடி மறக்காத பிள்ள வாதி, நான் இன்னா வேலக்காரியா?" என்று அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இன்னும் ஓயவில்லை.

மைனருக்குப் பதில் கார்டியன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வக்கீல் சொன்னார். நைனா கேட்கவில்லை. பிள்ளையின் பெருவிரலில் மை தடவி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒற்றி எடுத்தார். அவள் அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நீல உதட்டோடு திரிந்தாள்.

சித்தப்பா பதில் போட்டார். நம் பக்கத்து வக்கீல்கள் பதில் எழுதும் முறை உங்களுக்குத் தெரியும். எதிராளி வீட்டில் பூனை இருந்தால் அதையும் சதியில் சேர்ப்பார்கள். "வாதிகள் ஒன்று முதல் நான்கு வரை ஒன்றுகூடிக் கூட்டுச்சதி செய்து, பொய்யான ஒரு கூறுசீட்டை மோசடியாகத் தயாரித்து, பிரதிவாதியை ஏமாற்றும் தீய எண்ணத்தோடு..." என்று போகும் அந்தப் பத்தி. கூறுசீட்டு என்பது அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டதை எழுதி வைக்கும் தாள்; நைனா கோர்ட்டில் ஆதாரமாகக் கொடுத்தது அதைத்தான். ஒன்று முதல் நான்கு என்றால் நான்கும் உண்டுதானே?

நான் இதைச் சொல்லி முடித்தபோது தோசை கரிந்திருந்தது. ஈஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"இல்லன்னு போடுடி" என்றாள் செல்வி. "செஞ்சிக்கு வந்து யாரு பாக்கப் போறாங்க?"

"ம்மா, இது நேர்மையா இருக்கியான்னு கேக்கற ஃபார்ம். அதுலயே பொய் எழுதச் சொல்றியே."

ஆம் என்று டிக் அடித்தாள்.

3

சங்கத்திலிருந்து ஓர் அம்மையார் எழுதினார். இங்கே அரசாங்கக் கடிதமும் சரி, இந்த மாதிரிக் கடிதமும் சரி, முதல் வரியில் நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது வரியில் கழுத்தைப் பிடிப்பார்கள். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. கோர்ட் முத்திரையிட்ட நகல், அதற்குச் சான்றிட்ட மொழிபெயர்ப்பு, முடிந்தால் குற்றம் சாட்டியவரிடமிருந்தே ஒரு கடிதம், இவ்வளவும் மே மாத முடிவுக்குள் வேண்டும். விண்ணப்பதாரர் மீதான குற்றச்சாட்டில் அதைச் சாட்டியவர் இன்னும் உறுதியாக இருக்கிறாரா என்று தெரிந்தால் உதவியாக இருக்குமாம்.

மே தாண்டினால் இந்த வருடம் சங்கத்தில் சேர முடியாது. சங்கத்தில் சேராவிட்டால் அடுத்த படிப்பு இல்லை. ஈஸ்வரியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன வக்கீல் அலுவலகம், முந்நூறு பேரில் இரண்டு பேரைப் பொறுக்கியது. காத்திருக்கும் வழக்கம் அங்கே கிடையாது.

நகலை என் தங்கை வாங்கி அனுப்பினாள். மொழிபெயர்ப்பாளர் பொறுப்பான மனிதர். போன் செய்து, "சார், நான்காம் வாதி வயது இரண்டுன்னு இருக்கு. இருபத்திரண்டுதானே? டைப்பிங்ல விட்டுப்போச்சா?" என்று கேட்டார். இரண்டுதான் என்றேன். இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மிச்சம் இருந்தது சித்தப்பாவின் கடிதம். அவரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்று இருபது வருடம். ஐந்து வருடத்துக்கு முன் நைனா இறந்தபோது இரண்டு தெரு தள்ளி இருந்தவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போனில் கேட்கும் விஷயமா இது? ஈஸ்டர் விடுமுறையில் நானும் ஈஸ்வரியும் விமானம் ஏறினோம்.

4

நாங்கள் போய் இறங்கிய நாள் அமாவாசை. செஞ்சி கூட்டு ரோட்டில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றின் மூக்கை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஈஸ்வரி கார் ஜன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. முதலில் எங்கள் வக்கீலைப் பார்க்கப் போனோம். கோயிலுக்குப் போயிருந்தார். சித்தப்பாவின் வக்கீலும் கோயிலுக்குத்தான் போயிருந்தார். விசாரித்ததில் இருவரும் ஒரே காரில் போயிருப்பது தெரிந்தது.

அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்குப் போகும் வழியில் கொல்லையைக் காட்டினேன். வழக்கு முடியும்வரை யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் இருபது வருடமாக ஒருவரும் ஏர் கட்டவில்லை. சீமைக்கருவேலம் மட்டும் யாரையும் கேட்காமல் அனுபவித்துக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை.

"இதுக்கா?" என்றாள் ஈஸ்வரி.

"இதுக்குத்தான்" என்றேன்.

சித்தப்பா வராந்தாவில் ஃபேன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எழுபத்தைந்து வயது, முதுகு நிமிர்ந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இதான் நாலாம் வாதியா?"

"ஆமா சின்ன தாத்தா. இன்னா, நல்லா கீறீங்களா?"

அவள் தமிழ் எங்களிடம் கற்றது. நாங்கள் ஊரை விட்டபோது எப்படிப் பேசினோமோ அப்படியே, மேலே இங்கிலீஷ் ராகம் பூசி வரும். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் காட்டிக்கொடுத்தது.

விஷயத்தைச் சொன்னோம். அவருக்குப் புரியவே கால் மணி நேரம் ஆனது. "நான் எழுதனது லண்டன் வரைக்கும் போயிருக்குதா?" என்று இரண்டு முறை கேட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்ததை மறைக்கவில்லை. வாய்தா நாளில் தலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டவுன் பஸ் ஏறி கோர்ட்டுக்குப் போய்விட்டு, டீ குடித்துவிட்டு வருவாராம். "சுகர் இல்ல, பிரஷர் இல்ல. இந்தக் கேஸுதான் என்ன நடமாட வெச்சினு இருக்குது" என்றார்.

"லெட்டர் குடுப்பீங்களா தாத்தா?"

"குழந்த மேல எனக்கு இன்னாம்மா கோவம்? இரு, வக்கீல ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டார். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே வக்கீலின் குரல் கத்தியது. "எழுதிக் குடுத்துடாதீங்க ஐயா! நாலு பேர் சேந்து சதி பண்ணாங்கன்னு சொல்லியிருக்கோம். ஒருத்தர விட்டா ஒடஞ்சிடும்!"

சித்தப்பா போனை வைத்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். "நான் இன்னா பண்ணட்டும், சொல்லு. சதிக்கு ஆளு கொறையுதாம்."

5

கேஸ் கட்டைப் பார்க்கலாமா என்று ஈஸ்வரி கேட்டாள். பழைய ஏர்பேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கூறுசீட்டின் நகல் வந்ததும் நிறுத்தினாள். தேதியைப் பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடியும் மேலே பார்த்தாள். பிறகு என்னிடம் இங்கிலீஷில், மெதுவாக, நான் டிப்ளமோ முடித்தது எந்த வருடம் என்று கேட்டாள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சீட்டில் இருந்த தேதி நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடத்துத் தேதி. சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து. பக்கத்தில் அழகாக, புள்ளி வைத்து, டி.இ.இ.இ.

இரண்டு வக்கீல்கள், இருபது வருடம். ஒருவரும் அந்தத் தாளைப் படித்ததில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மொட்டை அடித்த அதே வாரம், நைனா எங்கிருந்தோ பழைய முத்திரைத்தாள் ஒன்று வாங்கிவந்தார். தன் கையால் எழுதினார். கீழே தன் தம்பியின் பெயரை, என் கண் முன்னால், அவரே கையெழுத்தாகப் போட்டார். "சாட்சிக்கு நீ போடு" என்றார். போட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது, விவரம் தெரியாத பிள்ளை இல்லை. கை பழக்கத்தில் பட்டத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டது. அதன் பிறகு கவன்ட்ரியில் கேட்டவர்களிடமெல்லாம் சித்தப்பா அடாவடி பண்ணுகிறார் என்று சொன்னேன். என் மகளிடமும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

வெளியே தண்ணீர்த் தொட்டியருகே ஈஸ்வரி என்னைக் கூட்டிப்போனாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"சின்ன தாத்தா என்னைப் பத்தி எழுதினது இது வரைக்கும் பொய். இப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இனிமே நான் இந்தக் கேஸ்ல வாதியா இருந்தா அது உண்மையாயிடும் ப்பா."

"உன் பேர மட்டும் எடுத்துடலாம்."

"ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. நான் பதில் சொல்லணும். நீங்க ஒத்துக்கிட்டா உங்க மேல தனியா கேஸ் வரலாம். அதையும் நான் உங்களுக்குச் சொல்லணும். முடிவு உங்களுதுதான்."

கட்சிக்காரனிடம் பேசும் குரல் அது. என் பிள்ளை வக்கீலாகிவிட்டாள் என்று எனக்கு அந்தத் தொட்டியருகேதான் தெரிந்தது. அதற்காக இப்படிப்பட்ட முதல் கட்சிக்காரன் அவளுக்கு வாய்த்திருக்க வேண்டாம்.

உள்ளே போனேன். நின்றபடியே சொன்னேன். "சித்தப்பா, அந்தச் சீட்டு பொய். நைனா எழுதினது. உங்க கையெழுத்த அவருதான் போட்டாரு. நான் பாத்துனு இருந்தேன். சாட்சி போட்டது நான்."



"தெரியும்டா" என்றார். "என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் போட்ட மாதிரி அழகா நான் என்னிக்குடா போட்டேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ எப்ப வந்து சொல்லுவேன்னு பாத்துனு இருந்தேன். எங்கண்ணன் செத்தப்ப நீ வந்த. நான் தெரு மொனையில நின்னு பாத்துனுதான் இருந்தேன். அன்னிக்கு வந்து இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் உள்ள வந்து ஒரு புடி வாய்க்கரிசி போட்டிருப்பேன்டா."

அழுதேன். ஐம்பது வயதில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதேன். சித்தப்பா என்னைத் தேற்றவில்லை. அவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, இதுக்கு இவன் மேல கேஸு போடலாமா?"

"போடலாம் தாத்தா."

"முடிய எத்தினி வருசம் ஆவும்?"

அவள் நேர்மையாக யோசித்தாள். "இருவது?"

"அது வரைக்கும் நான் எங்க இருக்கப் போறேன்? வுடு."

6

வழக்கை வாபஸ் வாங்குகிறோம், கூறுசீட்டு பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தங்கை போனிலேயே, "தண்ணியில்லாத கெணத்துக்கு இன்னாத்துக்குண்ணா நான் வாதி?" என்று சொல்லிவிட்டு, அவளும் வந்து போட்டாள். சித்தப்பாவின் வக்கீல் இதை எதிர்த்தார். திடீரென்று ஒத்துக்கொள்கிறார்கள் என்றால் ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும், ஜெயிப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு வாய்தா வேண்டும் என்றார். சித்தப்பா சட்டையைப் பிடிக்காத குறையாக அவரைச் சம்மதிக்க வைத்தார்.

கடிதத்தை அவரே எழுதினார். மூன்று வரி. "நான்காம் வாதி சதி செய்யவில்லை. அன்று செய்யும் வயது இல்லை. இன்று செய்யும் படிப்பு இருந்தும் செய்யவில்லை." கீழே கோணலாகத் தன் கையெழுத்து.

எல்லாவற்றையும் மே மாதத்தின் கடைசி வாரத்தில் அனுப்பினோம். அம்மையார் நன்றி சொன்னார். அடுத்த வரியில் கடைசியாக ஒரு சம்பிரதாயம் கேட்டார். குற்றச்சாட்டு எழுந்த நாளிலிருந்து இன்றுவரை விண்ணப்பதாரர் கற்றுக்கொண்டது என்ன என்று சிறு குறிப்பு.

"பால் பல்லு விழுந்து மொளைச்சது, எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன்னு எழுது" என்றாள் செல்வி.

ஈஸ்வரி இரண்டு நாள் எழுதினாள். அந்த நாட்களில் வீட்டில் ஒரு மாற்றம் கவனித்தேன். கார் இன்சூரன்ஸ் கட்டிவிட்டேன் என்று நான் சொன்னால், முன்பெல்லாம் சரிப்பா என்று போய்விடுவாள். இப்போது ரசீது இருக்குதா என்று கேட்கிறாள். கோபமாகக் கேட்கவில்லை, சண்டையும் இல்லை. நான் எடுத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறாள். பிள்ளைகள் இங்கே மொழியால் விலகுகிறார்கள், சாப்பாட்டால் விலகுகிறார்கள் என்று நம்மவர்கள் புலம்புவதை நிறையக் கேட்டிருக்கிறேன். என் பிள்ளை அப்படி விலகவில்லை. அவள் ஒரு அடி தள்ளி நிற்கிறாள் என்றால் தள்ளியது நான்தான்.

அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்டோபரில் முதல் விருந்து. செல்வி இதைச் சொல்ல மிச்சப் பாதி செஞ்சிக்கும் போன் போட்டாள்.

அந்தக் குறிப்பை அனுப்பும் முன் ஈஸ்வரி என்னிடம் காட்டினாள். உங்களைப் பற்றி எழுதியிருப்பதால் நீங்கள் பார்க்க வேண்டும் என்றாள். இங்கிலீஷில் இருந்தது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "என் தந்தை ஒரு பொய்யான ஆவணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இருபது வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தன் மீது வழக்கு வரலாம் என்று தெரிந்த பிறகு, சொல்ல வேண்டியவரிடம் நேரில் போய்ச் சொன்னார். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்."

இரண்டு முறை படித்தேன். நான் நேரில் போய்ச் சொன்னதை முதலில் போட்டு, கையெழுத்துப் போட்டதைக் கடைசிக்குத் தள்ளினால் என்ன என்று கேட்டேன். படிக்கிறவர்களுக்கு முதல் வரிதானே மனதில் நிற்கும் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஊரிலிருந்து வந்தபிறகு முதல் முறையாக நேராகப் பார்த்தாள். தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நடந்த வரிசையிலதான் ப்பா எழுதணும்" என்றாள்.